நாற்பத்தோராவது பிரேம்

செவ்வாய், காலை எட்டரை.
பீல் நகரில் மூடுபனி.
ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.
ஒழுங்கு விசாரணை அலுவலகம், மூன்றாம் மாடி.
படம் ஓட்டுவது என் வேலை.
நிறுத்து என்றால் நிறுத்துவேன்,
பின்னே போ என்றால் போவேன்.
நொடிக்கு ஐம்பது பிரேம்.

முப்பத்தெட்டில்
கறுப்புத் தட்டு அவனிடம் இல்லை, போய்விட்டது.
முப்பத்தொன்பதில்
ரெக்லியின் முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கிறது.
நாற்பதில் தோள் எழும்புகிறது.
நாற்பத்தொன்றில்
பெர்னாஸ்கோனியின் தாடை
அவன் கழுத்துக்குச் சம்பந்தமில்லாத
ஒரு திசையில் இருக்கிறது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்போம்.
இங்கே தலைக்கவசம் தனியே சுழன்று
விளம்பரப் பலகையில் மோதி நின்றது.
தலைக்கு வந்தது
தலைக்கே வந்தது.

நீதிபதி ஹூகென்டோப்லர்
மற்ற நாட்களில் வாரிசு வழக்குப் பார்ப்பவர்.
படிவத்தில் மூன்று பெட்டி:
கவனக்குறைவு, பொருட்படுத்தாமை, வேண்டுமென்றே.
"மெதுவாக ஓட்டினால்
எவனும் கொலைகாரன் போலத்தான் தெரிவான்.
வேகமாக ஓட்டுங்கோ."
ஓட்டினேன்.
யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை.
ஒருவன் விழுந்தான், அவ்வளவுதான்.

இரண்டாம் பெட்டி. ஐந்து ஆட்டம்.
ஒன்பதாயிரம் பிராங்.
காசு கழகத்தின் கணக்கிலிருந்து வந்தது,
ரசீது அனுப்பியது நான்.
ஐந்து ஆட்டமும் பதினொரு நாளில் தீர்ந்தன.
பன்னிரண்டாம் நாள் ரெக்லி கோல் அடித்தான்.
மண்டபத்தில் எல்லோரோடும் எழும்பினேன்,
கை தட்டப் போய்
பாதியில் ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துக்கொண்டேன்.

ஏழாம் கிழமை தொலைபேசி.
"பெர்னாஸ்கோனி கதைக்கிறேன்.
திரை பார்க்கக் கூடாதாம், வைத்தியர் சொல்லிவிட்டார்.
அந்த மாலை என்னிடம் இல்லை.
மத்தியானம் தின்ற பாஸ்தா இருக்கிறது,
பிறகு ஆஸ்பத்திரிக் கூரை.
நீங்கள் படத்தைச் சொல்வீர்களா?"

சொன்னேன்.
ஒரு நொடிக்குள் முடிந்ததற்கு இருபது நிமிடம்.
இடையில் இரண்டு தரம் போனைக் கீழே வைத்தான்,
சத்தமும் வெளிச்சம் மாதிரிக் குத்துதாம்.
கடைசியில் கேட்டான்:
"அவன் என்னைப் பார்த்தானா?"

முப்பத்தேழில் பார்த்தான்.
நூறு தரம் ஓட்டியிருக்கிறேன்.
கண் தெரிகிறது.
கண்ணுக்குள் இருந்தது
நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில் அகப்படவில்லை.
"பார்த்தான்" என்று மட்டும் சொன்னேன்.
அது தீர்ப்பா, சாட்சியமா என்று
இன்றுவரை தெரியவில்லை.

கோப்பி இயந்திரத்தடியில் நீதிபதியைப் பிடித்தேன்.
அடிபட்டவன் திரும்பும்வரை
அடித்தவனும் வெளியே நிற்கட்டும் என்றேன்.
"நாலாம் வரிசைக்காரன் தலைவலி சொல்லியே
எதிரணியின் நட்சத்திரத்தை வீட்டில் வைப்பான்."
அதுவும் சரிதான்.
தண்டம் கழகம் கட்டக் கூடாது,
அவன் சம்பளத்தில் பாதி.
"யோசிக்கலாம்" என்று
சீனி போடாத கோப்பியைக் கலக்கினார்.

அப்படியானால் இதைக் கேளுங்கள்:
ரெக்லி ரயிலேறி பெலின்சோனா போகட்டும்.
திரைச்சீலை மூடிய அறை, ஒரு கதிரை.
நாற்பத்தொரு பிரேமையும்
தன் வாயால் அவனுக்குச் சொல்லட்டும்,
முப்பத்தேழைத் தாவாமல்.
சொல்லி முடிக்கும்வரை
ஸ்கேட் கட்டக் கூடாது.

"அப்படி ஒரு விதி இல்லையே."
தெரியும்.
படிவத்தில் அதற்குப் பெட்டியும் இல்லை.

இன்றும் செவ்வாய். வேறு இரண்டு பெயர்கள்.
பச்சைச் சட்டைக்காரன் சாய்ந்து வருகிறான்.
மற்றவன் குனிந்து தட்டைத் தேடுகிறான்,
பல்லுறை வாயோரம் தொங்குகிறது,
சிரிப்பது மாதிரி.
"ஓட்டுங்கோ" என்கிறார் நீதிபதி.
இருபத்தாறில் என் விரல் நிற்கிறது.
இதுவரை
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.